பாடம் மாறியது, பெயர் மாறவில்லை

வீட்டை விற்றவர், வாசலில் தொங்கும் தன் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விடலாம். பாடநூலைத் தயாரித்துக் கொடுத்தவரால் அது முடியுமா? யோகேந்திர யாதவுக்கும் சுஹாஸ் பல்ஷிகருக்கும் முடியவில்லை.

9 முதல் 12-ம் வகுப்பு வரையிலான என்.சி.இ.ஆர்.டி. அரசியல் அறிவியல் நூல்கள் 2005 கலைத்திட்டத்தை ஒட்டி உருவானபோது, தலைமை ஆலோசகர்களாக இருந்தவர்கள் இவர்கள். 2022-ல் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று சொல்லி அவற்றில் கத்தரி ஓடியது. 12-ம் வகுப்பு நூலில் 2002 குஜராத் கலவரம் பற்றிய பக்கங்கள் காணாமல் போயின. பெயர்கள் மட்டும் அப்படியே நின்றன. வெட்டியதில் எந்த நியாயமும் தெரியவில்லை, எங்கள் பெயரை எடுத்துவிடுங்கள் என்று 2023 ஜூனில் இருவரும் எழுதினார்கள். சில நாட்களிலேயே மேலும் 33 கல்வியாளர்கள் அதையே கேட்டார்கள்.

என்.சி.இ.ஆர்.டி. அசைந்து கொடுக்கவில்லை. இது கூட்டு முயற்சி, தனிநபர் படைப்பல்ல. பதிப்புரிமை எங்களுடையது. குழுவினர் பெயர்களை அச்சிடுவது பதிவுக்காகத்தான். இதுதான் அதன் பதிலின் சாரம்.

பதிப்புரிமையைப் பொறுத்தவரை இந்த வாதம் பலமானதே. பழைய நூலைத் திருத்திப் புதுப் பதிப்பு கொண்டுவரும் அதிகாரம் உரிமையாளருக்குத்தான். ஆனால் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவு வேறொரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. உரிமையை முழுவதும் எழுதிக் கொடுத்த பிறகும், படைப்பைச் சிதைத்துத் தன் நற்பெயரைக் கெடுத்தால் படைப்பாளி தட்டிக்கேட்கலாம். அரசாங்கத்திடமே கேட்டு ஜெயித்தவர் உண்டு. டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-ல் பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டார்கள். எஞ்சியதைத் திருப்பிக் கொடுத்து, 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடும் தரும்படி 2005-ல் டெல்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சேகலின் சிற்பத்துக்குச் சிற்பி யார் என்பதில் சந்தேகமில்லை. குழுவாகச் செய்த நூலில் தலைமை ஆலோசகர் சட்டத்தின் கண்ணில் ஆசிரியர்தானா? தவிர, 'இது என் படைப்பு' என்று உரிமை கோருவதைத்தான் சட்டம் பளிச்சென்று சொல்கிறது. 'இது என்னுடையது அல்ல, பெயரை எடு' என்று கேட்பதை அப்படிச் சொல்லவில்லை. எழுதிக் கொடுக்கும் நாளிலேயே, திருத்தினால் பெயரை என்ன செய்வது என்று ஒரு வரி சேர்த்திருந்தால் இந்த வழக்காடலே வேண்டியிருக்காது.

2024 ஜூனில் வந்த திருத்திய 12-ம் வகுப்பு நூலில் பாபர் மசூதி 'மூன்று குவிமாடக் கட்டடம்' ஆகிவிட்டது. அதிலும் அதே இரண்டு பெயர்கள். இந்த முறை கடிதத்தில், நீதிமன்றத்துக்குப் போவோம் என்று எச்சரித்தார்கள்.