ஓலையும் ரேகையும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமியாகும். இங்குள்ள கரிசல் நிலத்தில் ஒரு மழை தப்பினும் பருத்தியும் மிளகாயும் மல்லியும் கருகிப்போகும். ஆதலின், இந்நாட்டு உழவர்க்குக் கடன் என்பது ஏரும் எருதும் போன்றதொரு கருவியே. விதைக்குங்கால் கடன் பெற்று, விளைந்தபின் தீர்த்தல் வழக்கம். கடன் கொடுப்போர் முதற்கண் கேட்பது, “ஆள் நாணயமானவர்தாமா?” என்பதேயாம். நாணயம் என்னும் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். இரண்டையும் ஒரே சொல்லால் வழங்கிய நம் முன்னோர் உலகியல் அறிந்தவரே.

இவ்வட்டாரத்திலுள்ள பாலவனத்தம், 1901ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் ஜமீன்தாராக விளங்கிய ஊராகும். அவ்வூர் உழவர் ஒருவர் பயிர்க்கடன் வேண்டி வங்கிக்குச் செல்கின்றார் எனக் கொள்வோம். “உம் பெயரில் வேறொரு கடன் தீர்க்கப்படாமல் நிற்கின்றதே!” என்கின்றார் வங்கி அலுவலர். உழவரோ அக்கடனை வாங்கியவர் அல்லர். அதனைக் கொடுத்த நிறுவனத்தின் பெயரைக்கூடக் கேட்டறியார். எவனோ ஒருவன் அவருடைய பெயரையும் அடையாள எண்களையும் கைப்பற்றி, அவர்போல் நடித்துப் பணம் பெற்று மறைந்துவிட்டான். பெட்டியில் உள்ள பொருள் களவுபோனால் அன்றே தெரியும். பெயர் களவுபோவதோ பல திங்கள் கழிந்த பின்னரே தெரியவரும்.

‘இவர் இன்னார்தாம்’ என்று தெளிவது எங்ஙனம்? இவ்வினா மிகப் பழையது. திருச்சுழியைப் பாடிய சுந்தரர் வரலாற்றிலேயே இதற்கு ஒரு வழக்கு உண்டு. புத்தூரில் அவருடைய மணப்பந்தலுக்கு முதியவர் ஒருவர் வந்து, “உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலைப்படி நீ எனக்கு அடிமை” என்றார். சினங்கொண்ட சுந்தரர் அவ்வோலையைப் பறித்துக் கிழித்தார். கிழிந்தது படியோலையே, மூல ஓலை முதியவரிடம் இருந்தது. வழக்கு வெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்றது. ஆங்கிருந்தோர் முதியவரின் தோற்றத்தைக் கண்டு மயங்கவுமில்லை. மணமகனின் சினத்துக்கு அஞ்சவுமில்லை. சான்றொப்பங்களை ஆராய்ந்தனர். பாட்டனார் எழுதியதாகக் காப்பில் இருந்த வேறோர் ஓலையை வருவித்து, இரண்டன் எழுத்தையும் ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புக் கூறினர். வந்த முதியவர் சிவபெருமானே என்பது சேக்கிழார் கூறும் செய்தி. இறைவனே வழக்காடினும் ஆவணத்தைச் சரிபார்த்த அவ்வவையின் ஒழுங்கு போற்றத்தக்கது.

எழுத்தறியாதோர் கையொப்பத்திற்கு ஈடாக இட்ட குறியே ‘தற்குறி’ எனப்பட்டது. பின்னாளில் அச்சொல் எழுத்தறியாதவரையே குறித்து இழிந்துபோயிற்று. குறியை எவரும் இடலாம். ரேகையை அங்ஙனம் இடவியலாது. 1858ஆம் ஆண்டில், வங்காளத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி, சாலைக்குச் சல்லி தர உடன்பட்ட ஒப்பந்தக்காரரின் உள்ளங்கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தில் பதிப்பித்தார். பின்னர் 1877இல் ஹூக்ளி மாவட்டத்தில் ஓய்வூதியம் பெறுவோர்க்கும் பத்திரம் பதிவோர்க்கும் விரல் ரேகையை வைப்பித்தார். ஒருவர்போல் மற்றொருவர் வந்து ஏமாற்றுதலைத் தடுப்பதே அதன் நோக்கமாகும்.

அந்த ரேகைக்கும் இக்காலத்தில் கள்வர் தோன்றினர். 2018இல் தெலங்கானா மாநிலத்தில், இணையத்தளத்தில் கிடைத்த நிலப் பத்திரங்களிலிருந்து விரல் ரேகைகளை எடுத்து, ரப்பர் போன்ற பொருளில் அச்சாக வார்த்து, பிறர் பெயரில் சிம் அட்டைகளைச் செயற்படுத்திய ஒருவர் பிடிபட்டார். ஆதார் எண்ணையும் ரேகையையும் கொண்டே வங்கிப் பணத்தை எடுக்கும் முறை நாட்டில் இருத்தலால், இத்தகைய போலி ரேகை கொடிய கருவியாம். ஆதார் ஆணையத்தின் செயலி வாயிலாக ஒருவர் தம் ரேகையைப் பூட்டி வைக்கலாம், வேண்டும்பொழுது திறந்துகொள்ளலாம். வீட்டுக் கதவைப் பூட்டுவோரிற் பலர் இதனைச் செய்வதில்லை.

ரேகையை வார்க்கும் கள்வர் சிலரே. பெரும்பாலோர்க்கு அத்துணை உழைப்பும் தேவையில்லை, நாமே கொடுத்துவிடுகின்றோம். வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறும் குரலுக்கு, கைபேசியில் வந்த ஓ.டி.பி. எண்ணை ஒப்புவிக்கின்றோம். ஆதார் படியைக் கேட்ட கடையிலெல்லாம் வைத்துவிட்டு வருகின்றோம். பன்னிரண்டு இலக்கங்களில் இறுதி நான்கு மட்டும் தெரியும் ஆதார் படியையும் ஆணையம் வழங்குகின்றது. பல இடங்களில் அதுவே போதும். முழுப்படி கொடுக்க நேரின், இன்ன காரியத்திற்கு, இன்ன நாளில் கொடுத்தது என்று அதன்மேல் எழுதிக் கையொப்பமிடுதல் வேண்டும்.

பிறருடைய மின்னணுக் கையொப்பம், கடவுச்சொல் முதலியவற்றை வஞ்சகமாகப் பயன்படுத்துவோர்க்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு மூன்றாண்டு வரை சிறையும் ஓரிலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கின்றது. ஆயினும் கள்வன் அகப்படுதற்கு முன் பணம் அகப்படவேண்டுமே! அது கணக்கிலிருந்து கணக்கிற்கு நொடியில் தாவும். ஆதலால் பணம் போனமை அறிந்தவுடன் 1930 என்னும் எண்ணிற்கும் வங்கிக்கும் தெரிவித்தல் வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை, வங்கியின்மீதும் வாடிக்கையாளர்மீதும் பிழையில்லாதபோது, மூன்று வேலை நாள்களுக்குள் அறிவித்தவர்க்கு இழப்பில்லை என்றது. எண்ணைத் தாமே பிறர்க்குச் சொல்லியவர்க்கோ, அறிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையதே என்றது.

இனி, பாலவனத்தத்து உழவரிடம் வருவோம். கடன் வரலாற்றைத் தொகுக்கும் நிறுவனங்கள் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்குகின்றன. ஆண்டுக்கொருமுறை முழு அறிக்கையைக் கட்டணமின்றி அவற்றிடம் எவரும் பெறலாம். தாம் வாங்காத கடன் அதில் இருப்பின், காவல்துறையில் கொடுத்த புகாரின் படியுடன் அந்நிறுவனத்திற்கும் கடன் கொடுத்தோர்க்கும் எழுதுதல் வேண்டும். பிழையைத் தீர்க்க முப்பது நாள் தவணை உண்டு. அதற்குமேற் கடந்தால், நாளொன்றுக்கு நூறு ரூபாய் இழப்பீடு தரவேண்டுமென்பது ரிசர்வ் வங்கி 2023இல் வகுத்த விதி. கரிசற்காட்டில் விதைப்பு ஐப்பசி மழையை ஒட்டியது. ஆதலின் அவ்வறிக்கையைக் கடன் கேட்கும் நாளில் அன்று, ஆடியிலேயே வாங்கிப் பார்த்துவிட்டால், பிழையிருப்பினும் விதைப்பிற்குள் திருத்திக்கொள்ள நாள் இருக்கும்.