தளவாய் என்னும் பதவிப் பெயர்: தோற்றமும் வழக்கும்

நாமக்கல் நகரின் நடுவே ஒற்றைப் பாறையாக நிமிர்ந்து நிற்கும் மலையின்மேல் ஒரு கோட்டை உண்டு. அதனைக் கட்டியவர் யார் என வினவினால் இருவகை விடை கிடைக்கும். சேந்தமங்கலம் பாளையக்காரராகிய இராமச்சந்திர நாயக்கர் எடுப்பித்தார் என்பது ஒரு வழக்கு. மைசூர் அரசின் அதிகாரி ஒருவர் எடுப்பித்தார் என்பது மற்றொன்று. இவ்விரண்டனுள் எது பொருந்தும் என்பது ஈண்டு நம் ஆராய்ச்சியன்று. ஒரே கோட்டைக்கு இரண்டு மரபுரைகள் எழுந்த காரணமே நாம் கருதற்பாலது. சேலம், நாமக்கல் சமவெளி தெற்கே மதுரைக்கும் வடமேற்கே மைசூருக்கும் இடைப்பட்ட எல்லை நிலமாக இருந்தது. இருபுறத்தும் படை நடத்தியோர் ஒரே பதவிப் பெயரைத் தாங்கியிருந்தனர். அப்பெயரே 'தளவாய்' என்பது.

இச்சொல்லைக் காணுந்தோறும் 'படைத்தலைவன்' என்று பொருள் எழுதிவிட்டு மேற்செல்லுதல் நூலாசிரியர் பலர்க்கும் வழக்கமாயிற்று. அப்பொருள் பிழையன்று, ஆனால் நிறைவுடையதும் அன்று. இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்பத் தளவாய் என்பான் படைத்தலைவனாகவும், முதலமைச்சனாகவும், அரசனை ஆட்டிவைப்பவனாகவும் இருந்துள்ளான். இவ்வேறுபாட்டை உணராதார் 17, 18-ஆம் நூற்றாண்டுகளின் தமிழக வரலாற்றைப் பிறழ உணர்வர். ஆதலின் இப்பெயரின் வரலாற்றைச் சுருங்க ஆராய்வோம்.

1. பண்டைப் பெயர்கள்

தமிழ்நாட்டில் படைத்தலைமைக்குரிய சிறப்புப் பெயர்கள் தொன்றுதொட்டே வழங்கின. சங்க காலத்தில் 'ஏனாதி' என்பது அரசன் தன் படைமறவருக்கு அளித்த பட்டம். புறநானூற்றில் சோழிய ஏனாதி திருக்கிள்ளி, சோழிய ஏனாதி திருக்குட்டுவன் என்போரைக் காண்கிறோம். பட்டத்தோடு மோதிரமும் வழங்கப்பட்டது என உரையாசிரியர் வாயிலாக அறிகிறோம்.

சோழப் பேரரசின் கல்வெட்டுகளில் 'சேனாபதி', 'தண்டநாயகன்' என்னும் பெயர்கள் மிகுதியும் வருகின்றன. தண்டம் என்பது ஈண்டுப் படையைக் குறிக்கும். போசளர் ஆட்சியிலும் தண்டநாயகர் பலர் இருந்தனர். கொங்கு நாட்டுக்கு இது புதிய செய்தியன்று. சத்தியமங்கலத்துக்கு மேற்கே பவானியாற்றங்கரையில் இருந்த கோட்டை 'தண்ணாயக்கன் கோட்டை' எனப்பட்டது. தண்டநாயகன் என்பது மக்கள் நாவில் தண்ணாயக்கன் ஆயிற்று. 1955-இல் நிறைவுற்ற பவானிசாகர் அணையின் நீர்த்தேக்கத்துள் அவ்விடம் மூழ்கிவிட்டது. நீர் மிகவும் வற்றும் காலங்களில் அங்கிருந்த கோயிலின் கட்டடம் வெளிப்படுவதுண்டு. கோட்டை மறைந்தும் பெயர் மறையவில்லை. பதவி ஒழிந்த பின்னும் அதன் பெயர் ஊரில் தங்கும் என்பதற்கு இஃது ஒரு சான்று. தளவாய் என்னும் பெயரிலும் இதனையே பின்னர்க் காண்போம்.

2. சொல்லும் பொருளும்

'தளம்' என்பது படையைக் குறிக்கும் வடசொல். தளபதி, தளகர்த்தன் என்னும் சொற்களிலும் இதுவே முதனிலையாக நிற்கின்றது. 'வாய்' என்னும் பின்னுறுப்புப் பற்றிக் கருத்து இருவகைப்படும். செலுத்துதல், நடத்துதல் என்னும் பொருளுடைய வடமொழி 'வஹ்' என்னும் அடியிலிருந்து வந்தது என்பர் ஒரு சாரார். படையின் முகமாக, அஃதாவது முன்னணியாக, நிற்பவன் என்னும் கருத்தில் 'வாய்' என்ற திராவிடச் சொல்லே இணைந்தது எனக் கொள்வாரும் உளர். எவ்வாறாயினும் படையை நடத்துவோன் என்னும் பொருளில் மாறுபாடில்லை.

கன்னடத்தில் இச்சொல் 'தளவாயி' என்றும், மலையாள நாட்டில் 'தளவா' என்றும் வழங்கிற்று. தமிழகத்தில் இது பெருவழக்குப் பெற்றது விசயநகர ஆட்சியின் வழிவந்த நாயக்கர் காலத்தில் ஆகும். ஏனாதி, சேனாபதி, தண்டநாயகன் என்னும் பழம்பெயர்கள் ஒதுங்க, தளவாய் முன்வந்து நின்றது.

3. மதுரையில் தளவாய்

மதுரை நாயக்கர் ஆட்சியில் தளவாய், பிரதானி, இராயசம் என்பன தலையாய பதவிகள். தளவாய் படைக்கும், பிரதானி வருவாய்க்கும், இராயசம் எழுத்து வேலைக்கும் உரியோர். இவை மூன்றும் தனித்தனி நின்றால் ஒன்றற்கொன்று தடையாக அமையும். ஆனால் தளவாய்ப் பதவியும் பிரதானிப் பதவியும் ஒருவரிடமே சேர்தலும் உண்டு. வாளும் கருவூலமும் ஒரு கையில் அமைந்தன என்பதே இதன் பொருள்.

இவ்வாறு அமைந்தவருள் முதல்வர் தளவாய் அரியநாத முதலியார். தொண்டை மண்டலத்திலிருந்து வந்த இவர், விசுவநாத நாயக்கர் காலந்தொட்டு 16-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை மதுரை அரசின் தூணாக விளங்கினார். நாட்டை 72 பாளையங்களாகப் பகுத்த ஏற்பாடு இவர் பெயரோடு இணைத்தே கூறப்படுகின்றது. மதுரைக் கோயிலின் ஆயிரக்கால் மண்டபமும் இவர் திருப்பணி. சேந்தமங்கலம் இராமச்சந்திர நாயக்கரும் தாரமங்கலம் கெட்டி முதலிகளும் இப்பாளைய அமைப்பில் இடம்பெற்றவர்கள். ஆகவே நாமக்கல் சமவெளியின் ஆட்சி ஒழுங்கு ஒரு தளவாயின் கைப்பட உருவாயிற்று என்னும் மரபு கருத்திற் கொள்ளத்தக்கது.

திருமலை நாயக்கர் (1623–1659) காலத்துத் தளவாய் இராமப்பையன். சேதுநாட்டின்மேல் அவர் நடத்திய போரே 'இராமப்பையன் அம்மானை' என்னும் நூலுக்குப் பொருளாயிற்று. இப்போரில் ஒரு விந்தை உண்டு. அவரை எதிர்த்து நின்ற இரண்டாம் சடைக்கத் தேவருக்குத் 'தளவாய் சேதுபதி' என்னும் பெயர் வழங்கிற்று. ஒருபுறம் தளவாய் என்பது பதவி. மறுபுறம் அதுவே அரசனது பெயரின் பகுதி. ஆவணம் ஒன்றில் இச்சொல்லைக் கண்டவுடன் பதவியெனத் துணிதல் கூடாது என்பதற்கு இஃது ஒன்றே அமையும்.

பிற்காலத்தில் சொக்கநாத நாயக்கரின் தளவாய் வேங்கடகிருஷ்ணப்ப நாயக்கர் 1673-இல் தஞ்சையை வென்றார். இராணி மங்கம்மாள் ஆட்சியில் (1689–1706) தளவாய் நரசப்பையா பல முனைகளிலும் படை நடத்தினார். இவர்கள் ஆற்றல் மிக்கவர். ஆயினும் அரசுக்கு அடங்கியே நின்றனர். மதுரையில் தளவாய் அரசனை விழுங்கவில்லை. மைசூரில் அது நிகழ்ந்தது.

4. மைசூரில் தளவாய்

மைசூர் உடையார்களின் அரசில் இப்பதவி களலே என்னும் ஊர்க் குடும்பத்தோடு நெருங்கிய தொடர்புடையது. இராச உடையார் காலத்திலேயே (1578–1617) அக்குடும்பத்துக்கும் அரச குடும்பத்துக்கும் இதுபற்றி உடன்பாடு ஏற்பட்டது எனக் கூறுவர். பதவி தகுதியால் வருவது. ஆனால் குடிவழி உரிமையாகக் கருதப்பட்டவுடன் அது மற்றோர் அரசுரிமை ஆகிவிடுகின்றது. இதன் தீங்கு விரைவிலேயே புலப்பட்டது. 1638-இல் இரண்டாம் இராச உடையார் இறந்தமைக்குத் தளவாய் விக்கிரமராயர் நஞ்சூட்டியதே காரணம் என்பது மைசூர் வரலாற்று மரபு.

அடுத்து வந்த கண்டீரவ நரசராசரும் (1638–1659), பின்வந்த சிக்கதேவராயரும் (1673–1704) வலிமை மிக்க மன்னர்கள். அவர்கள் காலத்தில் தளவாய் மீண்டும் அரசன் ஏவிய பணியைச் செய்பவனானான். அக்காலத்தேதான் மைசூரின் கை கொங்கு நாட்டில் நீண்டது. கெட்டி முதலிகள் பின்வாங்கினர். சிக்கதேவராயரின் தளவாய் குமாரய்யா 1682-இல் திருச்சிராப்பள்ளி வரை சென்று முற்றுகையிட்டார். சேலமும் நாமக்கல்லும் அம்மன்னர் காலத்தில் மைசூருக்கு உட்பட்டன. மதுரைத் தளவாய் வகுத்த பாளையங்களை மைசூர்த் தளவாய் கொண்டான் எனச் சுருங்கக் கூறலாம்.

18-ஆம் நூற்றாண்டில் நிலைமை தலைகீழாயிற்று. தளவாய் தேவராஜய்யாவும் அவர் தம்பி நஞ்சராஜய்யாவும் ஆட்சி முழுவதையும் கைக்கொண்டனர். முன்னரே, தளவாய்க்கு இசையாத சாமராச உடையார் 1734-இல் அரியணையினின்று நீக்கப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். அரண்மனையில் உடையார் பெயரளவில் இருந்தார். ஆணை தளவாயின் வீட்டிலிருந்து பிறந்தது. தம்பியின் பதவிப் பெயர் 'சர்வாதிகாரி' என்பது. எல்லாத் துறைகட்கும் அதிகாரி என்பதே அதன் நேர்ப்பொருள். இன்று தமிழில் அச்சொல் எவர்க்கும் அடங்காத தனியாட்சியாளனைக் குறிக்கின்றது. நஞ்சராஜய்யாவின் செயலை நோக்குங்கால் பிற்காலப் பொருள் அவர்க்குப் பெரிதும் பொருந்துதல் காணலாம்.

1752-இல் நஞ்சராஜய்யா பெரும்படையுடன் கரூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குச் சென்றார். ஆர்க்காட்டு முகமது அலிக்குத் துணைசெய்தால் அந்நகரம் கிடைக்கும் என்பது அவர் கொண்ட நம்பிக்கை. நகரம் கிடைக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் நடந்த போரால் மைசூரின் கருவூலம் வற்றிற்று. படைக்குச் சம்பளம் நிலுவையாயிற்று. உடன்பிறந்தார் இருவரும் மாறுபட, மூத்தவராகிய தேவராஜய்யா சத்தியமங்கலத்துக்குச் சென்று தங்கினார். அவ்வேளையில் படையினரின் நம்பிக்கையைப் பெற்று எழுந்தவர் ஐதர் அலி. 1761-இல் ஆட்சி அவர் கைக்கு வந்தது. அரசனைப் பெயரளவில் வைத்துத் தளவாய் ஆளலாம் என்னும் வழியைக் காட்டியவர்கள் களலே உடன்பிறந்தார். அவ்வழியிலேயே அவர்களை விலக்கி ஐதர் நடந்தார்.

இம்மாற்றத்தின் சுமை எல்லை நிலத்து மக்கள்மேல் விழுந்தது. நாமக்கல் கோட்டையை 1768-இல் ஆங்கிலேயப் படை கைப்பற்றியது; அவ்வாண்டின் இறுதியிலேயே ஐதர் மீட்டுக்கொண்டார். 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இந்நாடு கும்பினியாரைச் சேர்ந்தது. அதன்பின் இங்கே கலெக்டர் உண்டு, தளவாய் இல்லை.

5. திருவிதாங்கூரில் தளவா

திருவிதாங்கூரில் இப்பதவி வேறொரு வடிவில் நெடிது வாழ்ந்தது. அங்கே தளவா என்பார் முதலமைச்சரும் படைத்தலைவரும் ஆவர். மார்த்தாண்ட வர்மரின் தளவாயாகிய இராமய்யன், நெல்லைச் சீமையின் ஏர்வாடியைச் சார்ந்த தமிழர். 1741-இல் குளச்சலில் ஒல்லாந்தரை வென்ற காலத்தும், 1756-இல் தாம் இறக்கும் வரையிலும், வாளையும் கணக்கையும் அவரே கையாண்டார். மைசூர்த் தளவாய்க்கு இருந்த அதிகாரம் அவர்க்கும் இருந்தது. ஆயினும் அவர் அரசனுக்கு உரியவராகவே வாழ்ந்தார். பதவியின் பெயர் மட்டும் அதன் தன்மையை வரையறுப்பதில்லை. அரசனது வலிமையும் பதவி வந்த வழியுமே வரையறுக்கின்றன என்பது இவ்விருவரையும் ஒப்பிடத் தெளிவாகும்.

இக்காலக் கன்னியாகுமரி மாவட்டத்துத் தலக்குளத்திற் பிறந்த வேலுத்தம்பி, தளவா என்னும் பெயரால் புகழ்பெற்றோருள் இறுதியானவர். ஆங்கிலேயர்க்கு எதிராகக் கிளர்ந்து 1809-இல் உயிர்துறந்தார். அவர்க்குப்பின் 'திவான்' என்னும் பெயரே அங்கு நிலைத்தது. சொந்தப் படை வைத்தாளும் உரிமை குன்றிய அரசுக்குப் படையைக் குறிக்கும் பதவிப் பெயர் வேண்டாததாயிற்று. பெயர் மாற்றமும் வரலாற்றுச் சான்றே என்பதை இங்குக் காண்கிறோம்.

6. ஊரும் தெய்வமும்

பதவி ஒழிந்தும் பெயர் ஒழியவில்லை. சேலம் நகரை அடுத்துத் 'தளவாய்பட்டி' என்னும் ஊர் உள்ளது. கூட்டுறவுப் பால் பண்ணையால் இன்று பலரும் அறியும் ஊர் அது. தென்பாண்டி நாட்டில் 'தளவாய்புரம்' உண்டு. நெல்லை, குமரி மாவட்டங்களில் 'தளவாய் மாடசாமி' வழிபடப்படுகின்றார். காவல் தெய்வத்துக்கு மக்கள் தாம் அறிந்த உயரிய காவற்பதவியின் பெயரைச் சூட்டினர் போலும். குடிப்பெயராகவும் ஆட்பெயராகவும் இச்சொல் இன்றும் வழங்குகின்றது.

7. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் தெளிவன மூன்று. தளவாய் என்பது படைத்தலைவனைக் குறித்துத் தொடங்கி, வருவாய் அதிகாரமும் சேர்ந்தவழி முதலமைச்சனையும், குடிவழி உரிமையானவழி அரசனுக்கு மேலான ஒருவனையும் குறிக்கலாயிற்று என்பது ஒன்று. பதவிப் பெயர், இயற்பெயரின் அடை, ஊர்ப்பெயர் என இச்சொல் பல நிலையில் வருதலின், ஆவணந்தோறும் ஆண்டும் நாடும் நோக்கியே பொருள் கொள்ளவேண்டும் என்பது இரண்டு. அரசியல் மாறுந்தோறும் பதவிப் பெயரும் மாறும் என்பது மூன்று.

சேலத்தினின்று பிரிந்து 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. அதன் தலைநகரில் பாறைக் கோட்டையின் மதிலருகே நின்று நோக்குவார்க்குத் தென்பால் காவிரி பாயும் திசையும், வடகிழக்கில் கொல்லிமலையும் புலனாகும். மதுரைத் தளவாயும் மைசூர்த் தளவாயும் வேண்டி நின்ற நிலம் அதுவே. அந்நிலத்து ஊர்களில் கிடைக்கும் ஓலையும் செப்பேடும் கல்லும் இன்னும் முற்றும் ஆராயப்படவில்லை. அவற்றுள் தளவாய் என்னும் சொல் வருமிடந்தோறும் 'எந்த அரசின் தளவாய், எத்தகைய தளவாய்' என்னும் வினாவை எழுப்பி ஆராய்வார்க்கு, இவ்வெல்லை நாட்டின் வரலாறு மேலும் விளங்கும் என்பது எம் துணிபு.