முனைவொளியில் ஓர் எலித்தெள்ளு

எலியின் மேனியில் வாழும் தெள்ளுப்பூச்சி மிகச் சிறியது. எனினும் பிளேக் என்னும் கொள்ளைநோயை எலியினின்று மனிதர்க்குக் கொணர்வது அதுவே என, சிமோண்ட் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1898-இல் கராச்சி நகரில் ஆராய்ந்து கூறினார். ஆயின் எலித்தெள்ளுக்கள் யாவும் ஓரினமல்ல. கொழும்பு நகரில் மிகுந்திருப்பது கியோப்பிஸ் இனமன்று, அஸ்டியா என்னும் வேறினமே என்று ஹெர்ஸ்ட் என்பார் 1913-இல் கண்டார். முன்னது நோயைப் பரப்புவதில் வல்லது. பின்னது அத்துணை வல்லதன்று. பழங்காநத்தத்திற்கு மேற்கே மலைசூழ்ந்து கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கு அக்காலத்தில் மதுரை ஜில்லாவைச் சேர்ந்தது. ஆங்கு நிகழ்ந்த பிளேக் ஆராய்ச்சியை ஜார்ஜ், வெப்ஸ்டர் என்னும் இருவர் 1934-இல் வெளியிட்டனர். இத்தகைய ஆராய்ச்சிகளில் இனம் பிரித்தறிய உதவியது, பூச்சியைப் பதித்த கண்ணாடித் தகடேயாம்.

தெள்ளினைக் காரநீரில் இட்டுத் தசை நீக்கி, சாராயத்தால் ஈரம் போக்கி, கனடா பால்சம் என்னும் பிசினில் பதிப்பது பழைய முறை. அப்பிசின் ஒளியை வளைக்கும் அளவு, பூச்சியின் தோலாகிய கைட்டின் வளைக்கும் அளவினை ஏறக்குறைய ஒத்தது. ஆதலின் மெல்லிய உறுப்புக்கள் பிசினோடு கலந்து மறைவனபோல் தோன்றும். அவற்றை மீட்டும் காட்டுவது முனைவொளி.

முனைவொளியாவது யாது? சாதாரண ஒளி, தான் செல்லும் நெறிக்குக் குறுக்கே எல்லாத் திசைகளிலும் அதிர்வது. அதனை ஒரே திசையில் அதிரச் செய்யும் பட்டகத்தை நிக்கல் என்பார் 1828-இல் அமைத்தார். இன்று போலராய்டு என்னும் மெல்லிய தாளே அதற்குப் போதும். ஒரு தாளை விளக்கிற்கும் தகட்டிற்கும் இடையிலும், மற்றொன்றைப் பொருளருகு வில்லைக்கு மேலும் வைத்து, ஒன்றைச் சுழற்றினால் ஒரு நிலையில் களம் இருண்டுவிடும். ஆயினும் ஒழுங்குற அடுக்கிய இழைகளாலாகிய கைட்டின், தன்னுள் புகும் ஒளியை இரண்டாகப் பிரித்து அதன் முனைவை மாற்றுதலால், அவ்விருளினிடையே ஒளிரும். தசை நீக்கப்படாத தகடாயின் தசைநார்களும் ஒளிரும். தகட்டைச் சுழற்றி, உறுப்பு தாளின் திசைக்கு 45 பாகைச் சாய்வில் நிற்குமாறு செய்தல் வேண்டும். ஆங்கே ஒளி மிகும்.

படம் பிடிப்பார் மறவாதிருக்க வேண்டுவன சில. களம் இருண்டிருத்தலின் காமிராவை நெடுநேரம் திறந்துவைத்தல் வேண்டும், மேசை அசைதலாகாது. தோன்றும் நிறங்கள் பூச்சியின் இயற்கை நிறங்களல்ல. பெண் தெள்ளின் இனத்தை அறிவிக்கும் விந்துப்பையின் வடிவம் சாதாரண ஒளியிலேயே தெளிவாகத் தோன்றலாம். ஆதலால் இருவகை ஒளியிலும் படம் எடுத்தல் நலம்.

மூன்றாவது படம் ஒன்றும் உண்டு. அது தகட்டின் ஓரத்து ஒட்டிய பெயர்ச்சீட்டின் படம். பிடித்த ஊர், நாள், எலியின் இனம் ஆகியவை அதிலேயே உள. பிசின் மஞ்சளித்து வெடிக்கும், மை மங்கும், சீட்டு உதிரும். சீட்டு உதிர்ந்த தகடு கண்ணுக்கு அழகிய பொருளாக எஞ்சுமேயன்றி, எந்த ஊரில் எந்தத் தெள்ளு இருந்தது என்னும் வினாவிற்கு விடை தாராது. ஆதலின் பழைய அலமாரியில் இத்தகைய தகடு காணும் மாணவர், வண்ணங்கண்டு வியக்குமுன் அச்சிறு சீட்டினைப் படமெடுப்பாராக.