அரை மார்க்கும் அடம்பிடிக்கும் கம்பைலரும்!

ஒரு சின்னக் கணக்கு. 7-ஐ 2-ஆல் வகுத்தால் என்ன வரும்?

'மூன்றரை' என்றால் நீங்கள் ரொம்ப நார்மல். 'மூணு' என்றால் நீங்கள் ஃபர்ஸ்ட் இயரில் சி படித்தவர்! இரண்டுக்கும் நடுவில் காணாமல் போகிறதே ஒரு அரை, அது ஒருமுறை என் ரூம்மேட்டின் வயிற்றில் புளியைக் கரைத்தது. கரைத்த புண்ணியவான் நான்தான்.

அப்போது நாங்கள் செகண்ட் இயர். ஒரு கம்பெனி இன்டர்ன்ஷிப் டெஸ்ட் வைக்க வந்தது. முதல் வருஷ சராசரி 60 சதவிகிதம் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். 'யாருப்பா லிஸ்ட் எடுத்துத் தர்றது?' என்று பிளேஸ்மென்ட் சார் கேட்டதும் முந்திரிக்கொட்டை மாதிரி கையைத் தூக்கினேன். ராத்திரி உட்கார்ந்து சி-யில் ஒரு புரோகிராம் தட்டினேன். காலையில் லிஸ்ட் நோட்டீஸ் போர்டில்! அதில் ரூம்மேட் பெயர் இல்லை.

அவனுடைய மார்க்கைச் சொல்கிறேன், நீங்களே போட்டுப் பாருங்கள். முதல் செமஸ்டரில் ஐந்து பேப்பர், மொத்தம் 299. இரண்டாவது செமஸ்டரிலும் ஐந்து பேப்பர், மொத்தம் 304. ஆக 603. பத்தால் வகுத்தால் 60.3. பாஸ்! ஆனால், என் புரோகிராம் சொன்னது 59.50. 'மச்சி, நான் கையில போட்டா வருது, உன் கம்ப்யூட்டர்ல மட்டும் ஏன்டா வரல?' என்று போர்டு முன்னாடியே நின்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

விஷயம் இதுதான். 299 முழு எண், 5-ம் முழு எண். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் சி-யில் விடையும் முழு எண்தான். 59.8-ல் இருந்த .8 அங்கேயே காலி. மிஞ்சியது 59. அதைப் போட்டு வைக்க நான் கொடுத்த வேரியபிள் 'ஃப்ளோட்', அதாவது தசம எண். உடனே சி என்ன செய்தது? ஒரு வார்த்தை கேட்காமல் 59-ஐ 59.0 ஆக மாற்றி வைத்துவிட்டது. அடுத்த செமஸ்டர் 60.8, அது 60.0. இரண்டின் சராசரி 59.5. புள்ளிக்குப் பின்னால் ஒரு 5 அழகாக உட்கார்ந்திருந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. தசமம் தெரிகிறது, அப்புறம் என்ன தப்பு இருக்கும் என்றுதானே யாருக்கும் தோன்றும்?

மளிகைக் கடையில் சில்லறைக்குப் பதில் மிட்டாயைக் கையில் திணிப்பார்களே... அந்த மாதிரி. கேட்டால்தான் தெரியும். நாம் கேட்பதில்லை.

நல்லவேளை, சார் கோபப்படவில்லை. பிரின்ட் ஆன லிஸ்ட்டின் கடைசியில் ஊதா மையில் அவன் பெயரை எழுதிச் சேர்த்தார். அடுத்த வாரமே இன்னொரு கம்பெனி வர இருந்தது. அதற்குள் புரோகிராமைச் சரி பண்ணியாக வேண்டும். ஹாஸ்டல் சீனியர் அண்ணன் ஒருவர்தான், 'டேய், ஒருதடவை இதையே ஹாஸ்கெல்ல எழுதிப் பாரு. அப்பதான் புத்தி வரும்' என்றார்.

ஹாஸ்கெல் ஒரு ஃபங்ஷனல் லாங்குவேஜ். 1987-ல் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரில் நடந்த ஒரு மாநாட்டில் ஆராய்ச்சியாளர்கள் கூடிப் பேசித் தொடங்கியது. முதல் அறிக்கை வெளியான தேதி 1990 ஏப்ரல் 1. (விளையாட்டு இல்லை, நிஜம்!) ஹாஸ்கெல் கரி என்ற தர்க்கவியல் அறிஞரின் பெயர். அவருக்கும் நம்ம மட்டன் கறிக்கும் சம்பந்தம் கிடையாது. எந்த மதிப்பு எந்த 'டைப்' என்பதை புரோகிராம் ஓடுவதற்கு முன்பே கம்பைலர் செக் பண்ணிவிடும். இதைத்தான் ஸ்டாட்டிக் டைப்பிங் என்கிறார்கள். சி-யிலும் இது உண்டு. ஆனால், சி மிட்டாய் கொடுக்கும். ஹாஸ்கெல் கொடுக்காது!

மார்க் லிஸ்ட்டின் கூட்டுத்தொகையை அதிலுள்ள பேப்பர்களின் எண்ணிக்கையால் வகுக்கச் சொல்லி எழுதினேன். கம்பைலர் பட்டென்று நிறுத்தியது. 'லெங்த்' ஃபங்ஷன் தருவது 'இன்ட்', முழு எண். '/' என்ற குறியோ பின்னம் தெரிந்த டைப்புகளுக்கு மட்டும். 'இன்ட்டுக்கு இந்த வகுத்தல் தெரியாது' என்பதுதான் எர்ரர் மெசேஜின் சாரம். முழு எண் வகுத்தல்தான் வேண்டுமா? அதற்கு 'டிவ்' என்று தனி ஃபங்ஷன் இருக்கிறது. தசமம் வேண்டுமா? அப்படியென்றால் 'ஃப்ரம்இன்டக்ரல்' என்று கைப்பட எழுதி, முழு எண்ணை 'டபுள்' ஆக மாற்றிக் கொடுக்க வேண்டும். எது வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும், தானாக மாற்றவே மாற்றாது. முதல் நாள் இதில் எனக்கு வந்த கடுப்பு கொஞ்சநஞ்சமல்ல.

இதற்கே கடுப்பானால் எப்படி? பிரான்ஸின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் பிறந்த ஓகேமல் இன்னும் கறார். அங்கே கூட்டலே இரண்டு வகை. முழு எண்களுக்கு '+'. தசம எண்களுக்கு, பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து '+.' என்று எழுத வேண்டும். ஒன்றையும் ஒன்றரையையும் நேராகக் கூட்ட முடியாது!

'சரி... கைப்பட எழுதிவிட்டால் பிரச்னை தீர்ந்ததா?' என்று கேட்கிறீர்களா? அங்கேதான் இருக்கிறது வில்லங்கம்.

1996 ஜூன் 4. தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியன் 5 ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பியது. உள்ளே கிளஸ்டர் என்ற நான்கு ஆராய்ச்சி செயற்கைக்கோள்கள். சுமார் 40 விநாடிகளில் வானத்திலேயே சிதறியது. காரணம், ஒரு டைப் மாற்றம். கிடைமட்ட வேகம் தொடர்பான ஒரு 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில், மதிப்பு அதற்குள் அடங்கவில்லை. 16 பிட்டில் அதிகபட்சம் 32,767 தானே! அந்த புரோகிராம் எழுதப்பட்டது அடா மொழியில். டைப் விஷயத்தில் அதுவும் ஸ்ட்ரிக்ட்டான ஆள்தான். மாற்றத்தை வெளிப்படையாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆபத்தான வேரியபிள்கள் ஏழு என்று கண்டுபிடித்து, நான்குக்குப் பாதுகாப்பும் போட்டிருந்தார்கள். மற்ற மூன்றுக்கு? 'அந்த அளவுக்கெல்லாம் போகாது' என்று விட்டுவிட்டார்கள். பழைய ஏரியன் 4-ல் போகவும் இல்லை. புது ராக்கெட் வேகமானது, போய்விட்டது. இதில் கொடுமை என்ன தெரியுமா? அந்தக் கணக்கு ராக்கெட் கிளம்பிய பிறகு தேவையே இல்லாதது.

நம்ம ஃப்ரம்இன்டக்ரலும் லேசுப்பட்ட ஆள் இல்லை. 300 என்ற எண்ணை 'வேர்டு8' என்ற 8 பிட் டைப்புக்கு மாற்றச் சொல்லுங்கள். அதில் 0 முதல் 255 வரைதான் இடம். எர்ரர் வருமா? வராது. 300-லிருந்து 256-ஐக் கழித்து, கூலாக 44 என்று கையில் கொடுக்கும். ஹாஸ்கெல் கடையிலும் மிட்டாய் உண்டு, என்ன, கேட்டால்தான் கொடுப்பார்கள்! இதற்கு 'டுஇன்டக்ரல்சைஸ்டு' என்று இன்னொரு ஃபங்ஷன் இருக்கிறது. அது விடையை 'மேபி' என்ற டப்பாவில் போட்டுத் தரும். எண் அடங்கினால் டப்பாவுக்குள் எண் இருக்கும். அடங்காவிட்டால் 'நத்திங்'. டப்பாவைத் திறக்காமல் எண்ணைத் தொடவே முடியாது. யூஸர் டைப் பண்ணுவதை எண்ணாக்கவும் இதே கதைதான். வெறும் 'ரீட்' போட்டு, யாராவது 'ஆப்சென்ட்' என்று அடித்துவிட்டால் புரோகிராம் படுத்துவிடும். 'ரீட்மேபி' போட்டால் டப்பா வரும். பேர் நீளமாக இருக்கிறதே என்று சோம்பேறித்தனம் பட வேண்டாம்.

இனி என் கதைக்கு வருகிறேன். சராசரி ஒழுங்காக 60.3 வந்துவிட்டது. லிஸ்ட்டில் முழு எண்ணாகப் போட்டால் பார்க்க நன்றாக இருக்குமே என்று டபுளை இன்ட்டாக மாற்றப் போனேன். ஹாஸ்கெல் நான்கு ஃபங்ஷன்களை நீட்டியது. 'ஃப்ளோர்' கீழே இறக்கும். 'சீலிங்' மேலே ஏற்றும். 'ட்ரங்கேட்' புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டும். 'ரவுண்ட்' பக்கத்து எண்ணுக்குத் தள்ளும். ரவுண்டுதானே, நமக்குத் தெரிந்ததுதானே என்று நினைத்தால், அதிலும் ஒரு ட்விஸ்ட்! சரியாகப் பாதியில் நின்றால், பக்கத்திலுள்ள இரட்டை எண்ணுக்குப் போகும். 59.5 என்றால் 60. ஆனால் 60.5 என்றாலும் 60 தான், 61 இல்லை. எப்போதும் மேலே தள்ளினால் கூட்டுத்தொகை உயர்ந்துகொண்டே போகும், அதைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு. அக்கவுன்ட்ஸ்காரர்களுக்கு சரி. அரை மார்க்குக்கு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் செகண்ட் இயர் பையனுக்கு?

நான்கில் எதைப் போடுவது? சி-யில் எழுதியபோது இந்தக் கேள்வியே எனக்கு எழவில்லை. கம்பைலர் பதில் சொல்லாது. சீனியர் அண்ணனும் கையை விரித்துவிட்டார். மறுநாள் காலை நேராகப் பிளேஸ்மென்ட் சார் ரூமுக்குப் போனேன்.

'சார், ஒருத்தனுக்கு 59.5 வந்தா, அது 60-ஆ, 59-ஆ?'

கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். 'இதை இதுவரைக்கும் யாரும் கேட்கலையேப்பா' என்றார். கொஞ்ச நேரம் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு துண்டுப் பேப்பரை எடுத்தார்.

'பத்து பேப்பர், அறுபது பர்சன்ட். மொத்தம் 600 இருந்தா உள்ளே, 599-ன்னா வெளியே. இதுல வகுக்கிறதுக்கு என்னய்யா இருக்கு?'

அன்று மாலை என் புரோகிராமில் வகுத்தலும் இல்லை, ஃப்ரம்இன்டக்ரலும் இல்லை. ஒரு கூட்டல், ஒரு ஒப்பீடு. ஒரே தடவையில் கம்பைல் ஆனது.