கடல் இல்லாத ஊருக்கும் துறைமுகம் தேவை!

திருவெண்ணெய்நல்லூரில் கடல் இல்லை. பக்கத்தில் ஓடும் தென்பெண்ணை ஆறுதான் கடலைத் தேடிப் போகிறது. கடலூருக்கு வடக்கே வங்கக் கடலில் கலக்கிறது.

"எங்கள் ஊருக்கும் துறைமுகத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம்.

சம்பந்தம் உண்டு. வயலுக்குப் போடும் பொட்டாஷ் உரம் கப்பலில் வந்தது. வடை சுடும் பாமாயில், பெரும்பாலும் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் இருந்து கப்பல் ஏறி வந்தது. நம் நாட்டின் வெளிநாட்டு வியாபாரத்தில், எடைக் கணக்குப்படி, 100-க்கு சுமார் 95 பங்கு கடல் வழியாகவே நடக்கிறது.

துறைமுகத்தில் இடம் இல்லாமல் கப்பல் காத்துக் கிடந்தால் வாடகை ஏறும். அந்த வாடகை கடைசியில் சரக்கின் தலையில்தான் விழும்.

117 ஆண்டுச் சட்டம்

வெள்ளைக்காரர்கள் 1908-ல் ஒரு துறைமுகச் சட்டம் போட்டார்கள். சுதேசிக் கப்பல் விட்ட வ.உ.சிதம்பரனார் சிறைக்குப் போன அதே ஆண்டு! நாடு விடுதலை அடைந்த பிறகும் அந்தச் சட்டம் நீடித்தது. 2025 ஆகஸ்டில்தான் பார்லிமெண்டு புதுச் சட்டம் நிறைவேற்றியது.

திட்டமும் மாறிக்கொண்டே வருகிறது. 2015-ல் "சாகர்மாலா" திட்டத்துக்கு மத்திய சர்க்கார் ஒப்புதல் கொடுத்தது. 2021-ல், 2030 வரைக்குமான திட்டம் வெளிவந்தது. 2023-ல், 2047 வரை எட்டும் இன்னொன்று வந்தது. குடும்பம் பெருகப் பெருக வீட்டுச் செலவுக் கணக்கைத் திருத்தி எழுதுகிறோம் அல்லவா? அப்படித்தான்.

இங்கே பெருத்தது கப்பல். ராட்சதக் கப்பல் வர ஆழம் வேண்டும். அது போதாததால், நம் சரக்குப் பெட்டிகள் பல சிறு கப்பலில் கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறின. அந்தக் கூலி வெளிநாட்டுக்குப் போயிற்று. இதைத் தடுக்கவே கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதம் திறக்கப்பட்டது. மராட்டியத்தில் வாத்வான் துறைமுகத்துக்கு 76 ஆயிரத்து 220 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒப்புதல் கொடுத்தார்கள்.

தமிழ்நாட்டில் சென்னை, எண்ணூர், தூத்துக்குடி என்று மூன்று பெரிய துறைமுகங்கள். நமக்குப் பக்கத்தில் உள்ள கடலூர், சிறு துறைமுகம். ஆற்று முகத்தில் இருக்கிறது. ஆழம் குறைவு. ஆகவே கப்பல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்க, தோணிகளில் சரக்கு இறக்கி வந்தார்கள்.

கரை எங்கே?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நம் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகருகிறது. குறுக்கே கல் சுவர் கட்டினால் தெற்கே மணல் சேரும். வடக்கே கடல் கரையைத் தின்னும். சென்னைத் துறைமுகம் கட்டியதால் தெற்கே மெரீனா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்தது.

புதுச்சேரியிலும் 1980-களில் துறைமுகத்துக்குக் கல் சுவர் கட்டினார்கள். நகரின் மணற்கரை மறைந்தது. அரிப்பு அதோடு நிற்கவில்லை. வடக்கே நகர்ந்து விழுப்புரம் மாவட்டத்துக்குள் நுழைந்தது. தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் மீனவர்கள் கரையை இழந்தார்கள். படகை இழுத்து வைக்கவும் வலையை உலர்த்தவும் இருந்த மணல் போயிற்று. வீடுகளும் போயின.

தெற்கே சேரும் மணலை அள்ளி வடக்கே விட வேண்டும் என்பது அப்போதே திட்டத்தில் இருந்தது. அது ஒழுங்காக நடக்கவில்லை. கடைசியில் கரையைக் காப்பாற்றப் பாறாங்கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் தப்பியது. அரிப்பு அதற்கும் வடக்கே உள்ள குப்பத்துக்குப் போயிற்று.