பழைய அணைக்கட்டை இடிப்பதா, காப்பதா?

பழைய ஸ்டோருக்குப் பக்கத்திலே ஆற்றுக்குக் குறுக்கே ஒரு கல்லுக்கட்டு இருப்பதை நம் தோட்டங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். அதிலிருந்து ஒரு சின்ன வாய்க்கால் மலையோரமாக வரும். பிறகு துருப்பிடித்த குழாய் ஒன்று சரிவில் இறங்கும். "அது வெள்ளைக்காரன் காலத்துக் கட்டு" என்பார்கள் பெரியவர்கள். "இப்ப அது எதுக்கு? உடைச்சா கல்லாவது மிஞ்சும்" என்பார்கள் இளசுகள்.

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பழைய ஆலை அணைகளை இடிப்பதா, காப்பதா என்று ஊர் மக்களே இரண்டு பக்கமாக நின்று வாதாடுகிறார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. அதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

ஆலை அணை என்றால் என்ன?

மின்சாரமும் நீராவி இயந்திரமும் வருவதற்கு முன்னால் ஆலைகளை ஓட்டியது தண்ணீர்தான். ஆற்றை மறித்துக் கட்டினால் நீர்மட்டம் உயரும். உயர்ந்த நீரை வாய்க்கால் வழியாகக் கொண்டுவந்து சக்கரத்தின் மேல் விழவைத்தால் சக்கரம் சுற்றும். ஒரு செக்கனுக்கு 100 லீற்றர் தண்ணீர் 1 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால், அதில் ஏறக்குறைய 1 கிலோவாட் சக்தி இருக்கிறது. சக்கரத்திலும் பட்டியிலும் ஒரு பங்கு வீணாகிவிடும், மிச்சம் வேலைக்கு உதவும். நம் மலைநாட்டிலும் பெரிய மின்சாரக் கம்பிகள் வருமுன், பல தேயிலை ஸ்டோர்களில் கொழுந்து அரைக்கும் இயந்திரங்களைச் சுழற்றியது இப்படி விழுந்த தண்ணீர்தான்.

ஏன் இடிக்கச் சொல்கிறார்கள்?

முதல் காரணம் மீன். கடலிலிருந்து ஆற்றில் ஏறி முட்டையிடும் மீன்களுக்கு அணை ஒரு பூட்டிய கதவு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கென்னபெக் ஆற்றில் 1837ஆம் ஆண்டு எட்வர்ட்ஸ் அணை கட்டப்பட்டது. கடைசிக் காலத்தில் அது கொடுத்த மின்சாரம் மிகச் சொற்பம். 1997இல் அரசாங்க ஆணைக்குழு அதை அகற்றும்படி உத்தரவிட்டது. 1999 ஜூலை 1ஆம் திகதி அதை உடைத்தார்கள். 162 வருடம் அடைபட்டிருந்த மீன்கள் மறுபடி மேலேறின. அங்கே இடித்தது சரியென்று பலரும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

இரண்டாவது காரணம் ஆபத்து. பராமரிக்காத கட்டில் மரவேர் இறங்கும், கல் கழன்றுபோகும், பெருமழையில் உடையும். கட்டுக்குக் கீழே விழும் தண்ணீர் உருண்டு திரும்பி வருவதால், அங்கே இறங்கியவரை மறுபடி மறுபடி கட்டை நோக்கியே இழுக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இதில் மாண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் இதுவரை 2,000க்கும் மேற்பட்ட அணைகளை அகற்றியிருக்கிறார்கள்.

அப்படியானால் ஏன் காக்க வேண்டும்?

இதற்குப் பதில் சொல்ல ஒரு ஊரின் கதையே போதும். றோட் ஐலண்ட் மாநிலத்தில் பிளாக்ஸ்டோன் ஆற்றங்கரையில் உள்ளது பொட்டக்கெட். அங்கே நிற்கும் ஸ்லேட்டர் ஆலை 1793இல் கட்டப்பட்டது. அதற்குத் தண்ணீர் கொடுத்த அணையும் பக்கத்திலேயே இருக்கிறது.

சாமுவேல் ஸ்லேட்டர் இங்கிலாந்தின் பெல்பர் ஊரில் 1768இல் பிறந்தவர். ஜெடெடையா ஸ்ட்ரட் என்ற ஆலை முதலாளியிடம் தொழில் பழகினார். நூல் இயந்திரங்களின் இரகசியம் வெளிநாடு போகக்கூடாது என்று அப்போது சட்டம் இருந்தது. ஸ்லேட்டர் எல்லாவற்றையும் மனதில் பதித்துக்கொண்டு 1789இல் கப்பல் ஏறினார். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் தண்ணீர்ச் சக்தியால் பஞ்சு நூற்கத் தொடங்கினார்.

அந்த இயந்திரங்களில் முதல் நின்றவர்கள் யார் தெரியுமா? 7 வயது முதல் 12 வயது வரையான 9 பிள்ளைகள். பிற்காலத்தில் அந்த ஊர் ஆலைகளுக்குப் பஞ்சு வந்தது தென் மாநிலங்களில் அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்களின் கைகளிலிருந்து.

1824ஆம் ஆண்டு மே மாதம் அந்த ஊர் ஆலை முதலாளிமார் கூடி ஒரு முடிவெடுத்தார்கள். சாப்பாட்டு நேரத்தைக் குறைத்து வேலை நேரத்தை ஒரு மணித்தியாலம் கூட்டுவது, நெசவுப் பெண்களின் கூலியை 25 சதவீதம் வெட்டுவது என்பதே அந்த முடிவு. சுமார் 100 பெண்கள் தறியை விட்டு வெளியே வந்தார்கள். ஊர்ச் சனமும் அவர்கள் பக்கம் நின்றது. ஒரு வாரம் போலத் தொடர்ந்து, கடைசியில் சமரசத்தில் முடிந்தது. அமெரிக்காவின் முதல் ஆலை வேலைநிறுத்தம் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

இப்போது சொல்லுங்கள், அந்த அணை வெறும் கல்லா? ஆலை முதலாளியின் பேர் புத்தகத்தில் இருக்கும். கல் சுமந்தவர், தறியில் நின்றவர், கூலிக்குறைப்பை எதிர்த்தவர் பேரெல்லாம் எங்கே இருக்கும்? அவர்கள் வாழ்ந்ததற்குக் கண்ணால் காணும் சாட்சி அந்தக் கட்டிடமும் அணையும் வாய்க்காலும்தான். ஆலை மட்டும் நின்று அணை போய்விட்டால், "இந்தச் சக்கரம் எப்படிச் சுற்றியது?" என்று கேட்கும் பிள்ளைக்குக் காட்ட ஒன்றும் இருக்காது.

பொட்டக்கெட் மக்கள் சும்மா இருக்கவில்லை. ஆலையைக் காக்க 1921இல் சங்கம் அமைத்தார்கள். 1955இல் அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 1966இல் தேசியச் சின்னமானது. 2014இல் அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கில் தேசிய வரலாற்றுப் பூங்கா அமைக்கச் சட்டம் வந்தது.

இங்கிலாந்தில் ஸ்லேட்டர் பிறந்த பெல்பரிலும், ஸ்ட்ரட் குடும்பம் குதிரைலாட வடிவில் கட்டிய பழைய அணை இன்றும் நிற்கிறது. அந்தப் பள்ளத்தாக்கின் ஆலைகளோடு தொழிலாளர் குடியிருப்புகளையும் சேர்த்து 2001இல் உலக மரபுரிமையாக யுனெஸ்கோ அறிவித்தது. நம்ம பாஷையில் சொன்னால், ஸ்டோரோடு லயமும் வரலாறுதான் என்று உலகமே ஒப்புக்கொண்ட மாதிரி.

இடிக்காமல் வழி உண்டா?

உண்டு. மீன் ஏற அணையின் ஓரத்தில் படிப்படியாகச் சிறு தொட்டிகள் கட்டலாம். மீன் ஒவ்வொரு தொட்டியாகத் தாவி மேலே போகும். மதகை வைத்துப் பெருவெள்ளத்தை இறக்கிவிடலாம். வேரை அகற்றிக் கல்லிடுக்குகளைப் பூசலாம்.

அவசரப்பட்டு உடைத்தால் வேறு தொல்லையும் வரும். பிளாக்ஸ்டோன் ஆற்று அணைகளின் பின்னால் பழைய ஆலைகள் விட்ட உலோகக் கழிவு சேற்றோடு படிந்து கிடக்கிறது. கட்டைத் திறந்தால் அது கீழேயுள்ள ஊர்களுக்குப் போகக்கூடும்.

பழுதுபார்க்க முடியாத அளவுக்குப் போன கட்டு என்றால் உயிர்தான் முக்கியம், அதை அகற்றத்தான் வேண்டும். அப்படி அகற்றும்போதும் படம் எடுத்து, அளந்து, வரைந்து, தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதி வைப்பது நல்ல வழக்கம். அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசாங்க நிறுவனம் ஒன்று அனுமதி கொடுக்குமுன் வரலாற்றுச் சின்னத்துக்கு என்ன பாதிப்பு வரும் என்று ஆராய வேண்டும். அந்தச் சட்டம் இடிப்பதைத் தடுத்துவிடாது. ஆனால் யோசிக்காமல் இடிக்க விடாது.

நாம் என்ன செய்யலாம்?

உங்கள் தோட்டத்தில் பழைய கட்டு இருந்தால்:

• அதிலிருந்து கல் பெயர்த்து எடுக்காதீர்கள். ஒரு கல் போனால் தண்ணீர் அந்த வழியே அரிக்கும்.

• பிள்ளைகளைக் கட்டுக்குக் கீழே குளிக்க விடாதீர்கள். மழைக்காலத்தில் கிட்டவே போக வேண்டாம்.

• வெடிப்போ கசிவோ கண்டால் தோட்ட நிர்வாகத்துக்கும் தலைவர்மாருக்கும் உடனே சொல்லுங்கள்.

• வயதானவர்களிடம் கேளுங்கள்: யார் கட்டினார்கள்? எப்போது வரை ஓடியது? யார் காவல் இருந்தார்? கொப்பியில் எழுதி வையுங்கள். பேரையும் எழுதுங்கள்.

கட்டைப் பழுதுபார்க்கலாம், புதிதாகக்கூடக் கட்டலாம். ஆனால் அதைக் கட்டின தாத்தாவின் பேரை அறிந்த கடைசி ஆள் போய்விட்டால், அந்தப் பேரை எங்கே தேடுவது? ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு தேத்தண்ணியோடு பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.