புத்தகத்தை மூடினால் ஏறும் பாடம்

மதுரை விளாங்குடியை ஒட்டித் திண்டுக்கல் சாலையில் 1953 முதல் இயங்கிவருகிறது பாத்திமா கல்லூரி. செமஸ்டர் நெருங்கினால், இந்தப் பக்கம் வரும் டவுன் பஸ்களில் பாதிப் பேர் மடியிலும் நோட்டு விரிந்திருக்கும். அதே பக்கம், அதே வரிகள், அடியில் பச்சை மையில் கோடு. இவ்வளவு உழைத்தவர்கள்தான் தேர்வு முடிந்ததும், “படிச்சப்போ எல்லாம் தெரிஞ்சுச்சு, ஹால்ல போய் உக்காந்ததும் மறந்துபோச்சு” என்கிறார்கள். கோளாறு அவர்களுடைய மூளையில் இல்லை, படித்த முறையில் இருக்கிறது.

அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பாடப்பகுதியை நான்கு வேளையும் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு வேளை மட்டும் வாசித்துவிட்டு, மற்ற மூன்று வேளையும் அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே முன்னால் இருந்தார்கள்: 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். வாசித்தவர்களுக்கு 40 சதவீதம்தான் மிஞ்சியது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. ‘எனக்கு நன்றாக நினைவிருக்கும்’ என்று அதிகம் நம்பியவர்களும் வாசித்தவர்களே!

திரும்பத் திரும்பப் பார்த்த வரி கண்ணுக்குப் பழகிவிடுகிறது. அந்தப் பழக்கத்தையே அறிவு என்று எண்ணிக்கொள்கிறோம். தேர்வு கேட்பதோ, எதிரே எதுவும் இல்லாதபோது உள்ளிருந்து எடுத்துத் தரும் திறனை. எடுக்கும் ஒவ்வொரு முறையும் நினைவு வலுப்படுகிறது. எடுக்கச் சிரமப்பட்டால் இன்னும் நல்லது. ஆகவே பஸ்ஸில் நோட்டை மூடிவிட்டு, நேற்றைய வகுப்பை மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். விட்டுப்போனதை மட்டும் திறந்து பாருங்கள். இரண்டு நாள் இடைவெளி விட்டு மறுபடியும் சொல்லிப் பாருங்கள்.

தோழிக்குச் சொல்லிக்கொடுப்பதும் இதே வேலையைச் செய்யும். நம் திண்ணைப் பள்ளிகளில் மூத்த பிள்ளை இளையவனுக்குப் பாடம் சொன்னது புதிதல்ல. சென்னை எழும்பூரில் 1789-இல் அனாதைப் பள்ளியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதிப் பழகும் நம் பிள்ளைகளைப் பார்த்து வியந்தார். பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்படி அவர் வகுத்த ‘மதராஸ் முறை’ இங்கிலாந்துப் பள்ளிகள்வரை போனது.

இவ்வளவுக்கும் முன்னால் தீர வேண்டிய ஒன்று, ‘இந்த இடம் எனக்கானதுதானா?’ என்ற பயம். தமிழ்வழியில் படித்து, வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்து, ஆங்கிலப் பாடத்தில் திணறும் பிள்ளைக்கு அது இரவுத் தூக்கத்தையே கெடுக்கும். அமெரிக்க உளவியலாளர்கள் வால்டனும் கோஹனும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு செய்தி தரப்பட்டது: ஆரம்பத்தில் எல்லோருக்கும் இந்தத் தவிப்பு வரும், போகப் போகக் குறையும் என்று மூத்தவர்கள் சொன்ன அனுபவம். ஏறத்தாழ ஒரு மணி நேர வேலை. அடுத்த மூன்றாண்டுகளில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்து, வெள்ளையர்களோடு இருந்த இடைவெளி பாதியானது.

நம் கல்லூரிகளில் இதற்குத் தனி நிதி வேண்டாம். முதல் இன்டர்னல் தேர்வு முடிந்த வாரத்தில், அரியர் வைத்து மீண்ட ஒரு மூன்றாமாண்டு அக்காவை முதலாண்டு வகுப்பில் பேசவிட்டாலே போதும்.